பொறி: ஆளில்லாமல் எடுக்கப்படும் படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

தேனி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். ஏதோ ஒரு தோப்பில் கன்றுக்குட்டியோ நாயோ கடிபட்டுக் கிடக்கும். இரண்டு நாள் கழித்து நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும்: தானியங்கி கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன, சிறுத்தையின் நடமாட்டம் பதிவாகியுள்ளது, பொதுமக்கள் இரவில் தனியே செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்பட்டுள்ளது.

தமிழ் எம்.ஏ. படித்த பாவத்துக்கு எனக்கு முதலில் கண்ணில் படுவது சிறுத்தை அல்ல, வினைமுற்று. மூன்று வாக்கியத்திலும் செய்தவன் இல்லை. யார் பொருத்தினார்கள், யாரைக் கேட்டுப் பொருத்தினார்கள், அட்டையைக் கழற்றிப் படத்தைப் பார்த்தது யார், சிறுத்தையைத் தவிர வேறு யாரெல்லாம் அதில் விழுந்தார்கள்? பதில் கிடையாது. ‘தானியங்கி’ என்ற அடைமொழி இந்தக் காணாமல்போதலை நிறைவு செய்துவிடுகிறது. தானே இயங்குகிறது என்றால் யாரும் இயக்கவில்லை என்று அர்த்தம். யாரும் இயக்காத ஒன்றுக்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு சொல் எப்படிக் கருத்தியலாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் கருவிக்கு வேட்டைக்காரனின் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: பிடிக்கும் பொறி. அதில் வெட்கமில்லாத ஒரு நேர்மை உண்டு. நாம்தான் ‘தானியங்கி’ என்று துடைத்துவைத்துக்கொண்டோம். இத்தனைக்கும் நம்மிடம் ‘பொறி’ தயாராக இருக்கிறது. எலியைப் பிடிப்பது பொறி. எந்திரம் பொறி. கண், காது முதலான புலன்கள் ஐம்பொறி. தெறிக்கிற நெருப்பு பொறி. விலங்கின் உடம்பிலுள்ள புள்ளியும் வரியும் பொறி. அரசன் குத்துகிற முத்திரையும் பொறி. மரத்தில் கட்டிய அந்தச் சின்னப் பெட்டி இத்தனையும்தான். அது ஓர் எந்திரம். வெப்பத்தை உணர்கிற புலன். இருட்டில் தெறிக்கும் வெளிச்சம். வழியில் வைத்த கண்ணி. புலியின் வரியைப் பதிந்து அதற்கொரு எண் கொடுக்கும் அரச முத்திரை. இவ்வளவையும் ஒரே சொல்லில் வைத்திருந்த மொழியில்தான் இன்று ‘தானியங்கி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பொறி தானாக இயங்குவதில்லை. அதை வைத்தவன் ஒருவன் உண்டு. யாருக்குச் சொல்லிவிட்டு வைத்தான் என்பதில்தான் அந்தப் படத்தின் அரசியல் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பெட்டியைக் கையால் செய்துபார்த்து, ஒரு அம்மாவிடம் பேச்சு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

2

கம்பத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவர். என்னைவிட இளையவர். அவருடைய சொந்தக்காரரின் மாந்தோப்பு மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ராத்திரியில் ஓடைப்பக்கம் வந்துபோவது சிறுத்தையா செந்நாயா என்று டீக்கடையில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. “பாத்துருவோம்ணே” என்றார் தம்பி. கடையில் விற்கிற கேமரா எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. செய்வதென்று முடிவானது.

செய்முறை பெரிய ரகசியமில்லை. யாரும் சீண்டாமல் கிடக்கிற பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று. அதன் பொத்தானைப் பிரித்து உள்ளேயிருந்து இரண்டு கம்பி இழுக்க வேண்டும். ஆள் வந்தால் எரிகிற மாடிப்படி விளக்கில் இருக்கிறதே, அதே வெப்ப உணரி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ‘இப்போது எடு’ என்று சொல்ல ஒரு சின்னப் பலகை. எல்லாவற்றையும் அடக்க மூடி இறுகிய பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, ஓட்டைகளை அடைக்க எம்சீல், ஈரத்துக்கு மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள்.

முதல் பெட்டி குருடாகப் பிறந்தது. உணரிக்கு மழை படக்கூடாதென்று முன்னால் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தோம். கேமராவுக்குக் கண்ணாடி வழியே எல்லாம் தெரிகிறது. உணரிக்கு ஒன்றும் தெரியவில்லை. உடம்பிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் கண்ணாடி விடாது. மெல்லிய பாலிதீன் விடும். அதனால்தான் அந்த விளக்குகளில் வெள்ளை பிளாஸ்டிக் குமிழ் இருக்கிறது. நமக்குத் தெளிவாக இருப்பது அதற்குச் சுவர். நமக்கு மங்கலாக இருப்பது அதற்குச் சன்னல். பார்வை என்பது இயற்கையானதல்ல, கட்டமைக்கப்படுவது என்று எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென முழித்தபோதுதான் அது உறைத்தது.

இரண்டாவது பெட்டியில் வால்கள் மட்டும் கிடைத்தன. உணரி விலங்கைக் கண்டு, தூங்கிக்கொண்டிருக்கிற கேமராவை எழுப்பி, அது கண் திறப்பதற்குள் இரண்டு மூன்று விநாடி போய்விடுகிறது. அதற்குள் பன்றி சட்டகத்தைக் கடந்துவிடும். மூன்றாவது சிக்கல் கம்பம் பள்ளத்தாக்கின் சிக்கல். இந்த உணரி வெப்பத்தை அளப்பதில்லை. வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் அறியும். சித்திரை மாத மத்தியானத்தில் பாறையும் காற்றும் உடம்புச் சூட்டுக்கு ஏறிவிட்டால் விலங்கு அதற்குப் பின்னணியோடு கரைந்துபோகும். அதே நேரம் வெயிலில் காய்ந்த ஓர் இலை ஆடினால் போதும், நாற்பது படம் எடுத்துவிடும். பக்கவாட்டில் போகிறவனைச் சட்டென்று பிடிக்கும். நேரே எதிரில் வருகிறவனைப் பிடிக்கத் தடுமாறும்.

ஆக ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எந்தத் தடம், எந்த மரம், தரையிலிருந்து எத்தனை அடி, வடக்குப் பார்த்தா தெற்குப் பார்த்தா, இரவுக்கு மட்டுமா பகலுக்குமா? முழங்கால் உயரத்தில் கட்டினால் சிறுத்தையின் விலா விழும். மனிதர் வந்தால் கால் மட்டும் விழும். இடுப்பு உயரத்தில் கட்டினால் கதை வேறு.

தமிழவன் 1982இல் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ எழுதிய காலந்தொட்டு ஆசிரியனின் மரணத்தைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. 1967இல் ரோலான் பார்த் அறிவித்த அந்த மரணத்துக்கு இந்தப் படங்களைவிடக் கச்சிதமான சாட்சி கிடையாது என்று முதலில் எனக்கும் தோன்றியது. கண்ணாடிக்குப் பின்னால் கண் இல்லை. யாரும் ‘பார்க்காத’ கணம் படமாகிறது. பாதி சட்டகத்தில் வால், மீதியில் புல். இந்த அழகியலைக் கொண்டாடி ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். நல்லவேளை, பெட்டியை நாங்களே செய்தோம். செய்தவனுக்குத் தெரியும்: ஆசிரியன் சாகவில்லை, மரத்தடியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். அட்டையைக் கழற்ற ஞாயிற்றுக்கிழமை வருவான். கடையில் வாங்கிய கருவியில் இந்த முடிவுகளில் பாதி தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. மீதி கையேட்டில் இருக்கிறது. அதனால் வாங்கியவன் ‘அதுவாக எடுத்தது’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. வீட்டில் செய்தவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

3

பெட்டி செய்த நாட்களில் அதன் பூர்வீகத்தையும் தேடினேன். தேடினால் எல்லா வழியும் வேட்டையில் போய் முடிகிறது. 1882இல் பிரான்சில் மாரே பறவைகளின் பறத்தலைப் படமெடுக்கச் செய்த கருவி, பார்ப்பதற்கே துப்பாக்கி: தோளில் அணைத்து, குறிபார்த்து, விசையை இழுக்க வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ், தோணியின் முனையில் தீச்சட்டி வைத்து மானை மயக்கி அடிக்கும் ஓஜிப்வா பழங்குடியினரின் இரவு வேட்டை முறையை எடுத்துக்கொண்டு, அம்புக்குப் பதில் கேமராவையும் மக்னீசிய வெளிச்சத்தையும் வைத்தார். தடத்தின் குறுக்கே நூல் கட்டி, விலங்கே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படியும் செய்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாகரபிக் இதழ் அந்தப் படங்களை வெளியிட்டது. படங்களுக்கு ஷிராஸ் ஆசிரியர். முறைக்குச் சொந்தக்காரர்கள் அடிக்குறிப்பு.

இந்தியாவில் இந்தக் கதை எஃப். டபிள்யூ. சாம்பியனிடமிருந்து தொடங்குகிறது. ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரி. புலி நடக்கிற தடத்தில் கம்பி கட்டி, புலி மிதித்ததும் வெளிச்சம் தெறித்துப் படம் விழும்படி செய்தார். 1927இல் வந்த ‘வித் எ கேமரா இன் டைகர்லேண்ட்’ என்ற புத்தகம் அதன் விளைவு. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, வரியை வைத்து ஆளை அடையாளம் சொல்லலாம் என்று படங்களைக் கொண்டு காட்டியவரும் அவரே. ஜிம் கார்பெட் துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு வந்ததில் சாம்பியனுக்குப் பங்கு உண்டு. துப்பாக்கியைக் கீழே வைத்தது நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் கேமரா துப்பாக்கியின் இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. அதே தடம், அதே காத்திருப்பு, அதே உரிமை. தடம் சொன்ன உள்ளூர்க்காரருக்கும் யானைப்பாகருக்கும் அதே இடம். சூசன் சொண்டாக் 1977இல் கேமராவையும் துப்பாக்கியையும் சேர்த்துவைத்து எழுதியபோது பலர் அதை உருவகம் என்று நினைத்தார்கள். உருவகம் அல்ல, வம்சாவளி.

தமிழில் இந்த இடத்தில் நிற்பவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றி விடாமல் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். நம் விஷயத்துக்கு வேண்டியது, அவர் தன் கேமராவைத் தானே கோர்த்தவர் என்பது. ஒன்றிலிருந்து உடம்பு, இன்னொன்றிலிருந்து லென்ஸ் என்று பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தைத்த அந்தப் பாரமான ஒட்டுச்சரக்குக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். கடைசிவரை கறுப்பு-வெள்ளைதான்.

ஆனால் கிருஷ்ணன் பொறி வைத்தவரில்லை. நடந்தும் யானைமேல் ஏறியும் விலங்குக்குப் பக்கத்தில் போய் நின்றவர். அவருடைய யானைப் படங்களில் யானை நம்மைப் பார்க்கிறது, அதாவது கிருஷ்ணனைப் பார்க்கிறது. எடுத்தவனும் ஆபத்தில் இருக்கிறான் என்பது படத்திலேயே தெரியும். நான் அதை அறம் என்பேன்: பார்ப்பவன் பார்க்கப்படச் சம்மதிப்பது. கருவியைக் கையால் செய்ததற்கும் இந்த அறத்துக்கும் உறவு உண்டென்று எனக்குப் படுகிறது. இரண்டிலும் அவர் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணனின் சட்டகத்தில் மனிதர் இல்லை. சுள்ளி பொறுக்குகிறவள், தேனெடுக்கிற பளியர், மாடு ஓட்டிப்போகிறவன் யாரும் இல்லை. மனிதர் தொந்தரவு இல்லாத காடே அவருக்கு இலட்சியக் காடு. அந்த மனிதர்களைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்துவது அவர் கண்ணும் கையும் செய்த வேலை. பொறியால் அது முடியாது. வெப்பம் நகர்ந்தால் அதற்குப் போதும். சிறுத்தையா சுள்ளிக்காரியா என்று பார்க்காது. எந்தக் காட்டிலும் மனிதர் இருக்கிறார்கள் என்ற உண்மையைக் கிருஷ்ணனின் கலை மறைத்தது. தம்பியின் சாப்பாட்டு டப்பா அதை மறைக்காது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

4

இங்கே நண்பர்கள் சிலர் அவசரப்படுவார்கள் என்று தெரியும். கேமரா என்றால் கண்காணிப்பு, கண்காணிப்பு என்றால் ஃபூக்கோ, ஃபூக்கோ என்றால் வட்டச் சிறைக்கூடம் என்று ஒரு சூத்திரம் நம்மிடம் இருக்கிறது. விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

கேமராவுக்கு முன்னால் புலியை எண்ணியது எப்படி? காவலர்கள் காலடித் தடத்தில் சாந்து ஊற்றி அச்செடுத்து, அச்சை வைத்து எண்ணிக்கை சொன்னார்கள். எண்ணிக்கை கூடினால் அதிகாரிக்கு நல்ல பெயர். எனவே கூடிக்கொண்டே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த், தடத்தின் இருபுறமும் கேமரா வைத்து, வரியைக் கொண்டு புலியை அடையாளம் கண்டு, ஒரே புலி எத்தனை முறை திரும்ப விழுகிறது என்பதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார். துறை லேசில் ஏற்கவில்லை. காகிதத்தில் புலிகள் உலவிய ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2005இல் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது அம்பலமான பிறகுதான் அச்சு முறை விழுந்தது. அதாவது இந்தப் பொறி முதலில் பிடித்தது அரசின் பொய்யை. யானை போகிற பாதையில் விடுதி கட்டியவன் ‘இங்கே யானை வந்ததே இல்லை’ என்று சாதிக்கும்போது, கையால் செய்த ஒரு பெட்டியின் படம் ஊர்க்காரனின் கையில் ஆதாரமாகலாம். பயிர் நஷ்டத்துக்கு ஈடு கேட்கிற விவசாயிக்கும் அப்படியே. இதை விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் கோட்பாடு பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் ஆதாரம் யார் கையில் இருக்கிறது? 2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைக்கப்பட்டது. 3,48,58,623 படங்கள் விழுந்தன. கின்னஸ் சாதனை என்று கொண்டாடினார்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651. சிறுத்தை இருந்தவை 51,777. மிச்சத்தில் மான், மாடு, பன்றி, ஆடுகிற இலை, கூடவே மனிதர். வலையில் வேண்டாத மீன் விழுவதுபோல மனிதர் விழுவதற்கு ஆய்வாளர்கள் ஒரு கலைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். வேண்டாத மீனை என்ன செய்வது என்பதற்குத்தான் பல இடங்களில் விதி இல்லை.

கார்பெட் புலிகள் காப்பகத்தையொட்டிய ஊர்களில் திரிஷாந்த் சிம்லாய் 14 மாதம் தங்கி 270 பேரிடம் பேசினார். கிறிஸ் சாண்ட்புரூக்குடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 2024இல் வந்தது. விலங்குக்கென்று வைத்த கேமராவில், ஒதுங்கப்போன ஒரு பெண்ணின் படம் விழுந்திருக்கிறது. அது உள்ளூர் ஆட்களின் கைபேசிகளில் சுற்றியிருக்கிறது. ஊர்க்காரர்கள் கேமராக்களை உடைத்தார்கள். அந்தப் பெண்களுக்குக் காடு சுள்ளிக்கும் புல்லுக்கும் மட்டுமான இடமில்லை. குடிகாரப் புருஷனிடமிருந்தும் வீட்டுப் பாட்டிலிருந்தும் தப்பி, சத்தமாகப் பாடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நடக்க அவர்களுக்கிருந்த ஒரே இடம். பாட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சத்தம் கேட்டால் புலி விலகிப்போகும். கேமரா வந்தபின் அவர்கள் பாடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். தெரியாத பக்கங்களுக்கு நகர்ந்துபோனார்கள். ஆய்வாளரிடம் இதைச் சொன்ன ஒரு பெண் பின்னாளில் புலி தாக்கி இறந்துபோனார்.

ஃபூக்கோவின் சிறையில் கைதிக்குக் கோபுரம் கண்ணெதிரே தெரியும். உள்ளே ஆள் இருக்கிறானா என்பதுதான் தெரியாது. காட்டில் கோபுரமே தெரியாது. எந்த மரத்தில் பெட்டி என்று தெரியாததால் எல்லா மரமும் பெட்டியாகிவிடுகிறது. நம் சூத்திரம் இங்கே பொருந்தாதது அது மிகையானது என்பதால் அல்ல, போதாது என்பதால்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். மேகமலை 2009இல் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, 1,016.57 சதுர கிலோமீட்டர். 2023 மே 27ஆம் தேதி, கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிப் பெரியாறு காட்டில் விடப்பட்டிருந்த அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் தெருக்களில் நடந்தது. அன்றைக்குக் கம்பத்தில் எத்தனை கேமரா! மாடிக்கு மாடி கைபேசி. போதாதென்று யானை ஒதுங்கி நின்ற தோப்புக்கு மேலே ஒருவர் ட்ரோன் பறக்கவிட, அது மிரண்டு ஓடியது. யானை தள்ளிவிட்டதில் காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். அந்த மனிதரின் கதையைவிட யானையின் வீடியோதான் அதிகம் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் கூடலூருக்குப் பக்கத்தில் வண்ணாத்திப்பாறைக் காட்டில் ஒரு விவசாயி வனத்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். வேட்டைக்கு வந்து தாக்கினார் என்றது துறை. உறவினர்கள் அதை மறுத்துப் போராடினார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தவை துறையின் வாக்கியமும் குடும்பத்தின் அழுகையும்தான். சிறுத்தை ஓடையைக் கடந்ததற்கு நேரம், தேதி, வெப்பநிலையோடு படம் கிடைக்கிற காலத்தில், ஒரு மனிதன் செத்ததற்கு இரண்டு கதைகள்தான் கிடைக்கின்றன. காட்டில் கண் பெருகுவதும் காட்டில் நடப்பது வெளியே தெரிவதும் ஒன்றல்ல.

5

எங்கள் பெட்டியின் கதைக்குத் திரும்புகிறேன். காப்புக்காட்டில், சரணாலயத்தில் நினைத்தபடி கேமரா கட்ட முடியாது. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி படமெடுக்கச் சரணாலயத்துக்குள் போகவே அனுமதிச்சீட்டு வேண்டும். அதனால் தோப்பில் கட்டினோம். தோப்புக்காரரைக் கேட்டோம், அவர் சரியென்றார். எல்லாம் முறைப்படி நடந்ததாகத்தான் நினைத்தோம்.

மூன்றாவது வாரம் அட்டையில் நானூற்றுச் சொச்சம் படம். இலை, இலை, தெருநாய், பன்றி, மறுபடி இலை. நடுவில் ஒரு பெண். தலையில் சுள்ளிக்கட்டு, சேலையை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகியிருக்கிறார். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. அடுத்த படத்தில் அவர் பெட்டியைப் பார்த்துவிட்டார். அதற்கடுத்ததில் முகம் சட்டகம் நிறையப் பக்கத்தில். அதற்குப் பிறகு நாலு நாளைக்கு ஒரே கறுப்பு. போய்ப் பார்த்தால் லென்ஸ்மேல் சாணியை அப்பியிருந்தது.

தம்பி உடனே “அழிச்சிருவோம்ணே” என்றார். நான் யோசித்தேன். இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை எழுதக்கூடாது. அந்த முதல் படம் நன்றாக இருந்தது. மூன்று மாதத்தில் விழுந்ததிலேயே நல்ல படம் அதுதான். ‘உழைப்பின் கம்பீரம்’ என்று தலைப்பு வைத்து ஒரு சிறுபத்திரிகையின் பின்னட்டையில் போடலாம், அதில் முற்போக்கான அர்த்தமும் இருக்கிறது என்றெல்லாம் என் புத்தி ஓடியது. வனத்துறைக்காரன் செய்தால் கண்காணிப்பு, நான் செய்தால் கலை!

தோப்புக் காவல்காரர் மூலம் அவரைக் கண்டுபிடித்துப் போனோம். தாயில்பட்டறைபோலத் தகரம் தகிக்கிற ஒரு காலனி வீட்டு வாசல். நிலம் இல்லாதவர்கள். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை, வேலையில்லாத நாளில் சுள்ளி. தம்பி கேமராவோடு அட்டையையும் கொண்டுவந்து, அவர் முன்னாலேயே படங்களைக் காட்டி அழித்தார். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

“படம் புடிக்கிறது தப்புன்னு சொல்லல தம்பி. அந்தத் தடத்துல காலங்காத்தால பத்துப் பொம்பளைக வாரோம் போறோம். வாரவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டக்கூடாதா? பன்னிக்குச் சுருக்கு வச்சாக்கூட, இங்கிட்டு வராதீகன்னு சொல்லிட்டுத்தான் வைப்பாக.”

“தோப்புக்காரர்ட்ட சொல்லிட்டுத்தான்க்கா கட்டுனோம்” என்றேன்.

“அவரு எங்க அந்த வழியா நடக்காரு?”

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் அனுமதி கேட்டோம். தடம் யார் காலில் இருக்கிறதோ அவர்களிடம் கேட்கவில்லை. வீட்டில் செய்த பெட்டி என்பதால் மட்டும் அது அரசின் பெட்டியிலிருந்து வேறாகிவிடாது. சொத்தைக் கேட்டு, நடப்பவரைக் கேட்காமல் வைத்தால் இரண்டும் ஒன்றுதான்.

திரும்பி வரும்போது எனக்கு மலைபடுகடாம் ஞாபகம் வந்தது. பரிசில் பெற நன்னனிடம் போகிற கூத்தர்களுக்கு, ஏற்கெனவே போய்வந்தவன் வழி சொல்லும் பாட்டு. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக, அது நுழைகிற புழைகளில் பெருங்கல்லால் பொறி வைத்திருக்கிறார்கள், ஆகவே இருட்டில் போகாதீர்கள், தங்கியிருந்து விடிந்தபிறகு கடந்துபோங்கள் என்கிறான். பாட்டிலும் ‘பொறி’ என்றே வருகிறது. எம்.ஏ. வகுப்பில் இதை மலைவளம், வழியின் அருமை என்று குறிப்பெழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போதுதான் வேறு மாதிரி படுகிறது. பொறி வைக்கிற சமூகம் வழிப்போக்கனுக்குச் சொல்கிறது. அவன் எந்த ஊரென்று தெரியாது, இன்னும் வரவேகூட இல்லை. ஆனாலும் அவனுக்கான எச்சரிக்கை வாய்வழியாக முன்னால் போய்விடுகிறது. அந்த அக்கா மலைபடுகடாம் படித்தவரில்லை. அந்த மரபு அவரிடம்தான் இருக்கிறது, என் பட்டத்தில் இல்லை.

இதிலிருந்து ஒரு கோரிக்கையை உருவாக்க முடியும் என்று நினைக்கிறேன். கேமரா வைப்பதற்கு முன் அந்தத் தடத்தில் நடக்கும் குடியிருப்புக்குச் சொல்ல வேண்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தப் பக்கம் என்று கிராமசபையில் அறிவிக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கும் கொடுத்திருக்கிறதே, அது வெறும் அலங்காரமா? மனிதர் விழுந்த படங்களை அந்த மனிதருக்குக் காட்டி அழிக்க வேண்டும். இடத்தைச் சொன்னால் கேமரா திருடுபோகும், வேட்டைக்காரன் விலகிப்போவான் என்பார்கள். மரத்தைச் சொல்ல வேண்டாம், பக்கத்தைச் சொன்னால் போதும். மலைபடுகடாமும் கல்லை எண்ணிக் காட்டவில்லை. வழியைச் சொல்லி, விடியட்டும் என்றது. சொல்லாமல் வைத்தாலும் கார்பெட்டில் உடைத்துத்தானே போட்டார்கள்.

பெட்டியை இப்போது முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருக்கிறோம். பகலில் வேலை செய்யாதபடி தம்பி ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறார். காலனியிலும் டீக்கடையிலும் சொல்லியாகிவிட்டது. போன வாரம் அட்டையைத் திறந்தால் அறுபது படத்தில் பையன்கள். பொழுது சாய்ந்தபிறகு வேண்டுமென்றே வந்து, தரையில் படுத்து, பெட்டிக்கு நேரே மூஞ்சியைக் காட்டி நாக்கைத் துருத்தியிருக்கிறார்கள். இரண்டு பன்றி, ஒரு முள்ளம்பன்றி. வருவது சிறுத்தையா செந்நாயா என்ற பந்தயம் இன்னும் முடியவில்லை.